இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஏன் வந்தது?

ரேப் றெக்கோடருக்கு ஒரே வேலைதான்: நாடா ஓடும், ஒலி பதியும். ஒலிப்பதிவு கணினிக்குள் வந்தபோது கதை மாறியது. 1991இல் வெளியான புரோ டூல்ஸ் நான்கு தடங்களில் பதிந்தது. சீடித் தரத்தில் ஸ்டீரியோ ஒலிக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் வேணும்.

ஹார்ட் டிஸ்க்கில் எழுதும் முனைகள் எல்லாம் சேர்ந்தே அசையும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குப் போக ஏலாது. இயங்குதளம் தன் கோப்பைத் தேடி அங்கால இழுத்தால், பதிவு இடையில் அறுந்துபோகக்கூடும். அதனால்தான் இயங்குதளத்தை ஒரு டிஸ்க்கிலும் ஒலியை இன்னொன்றிலும் வைக்கும் வழக்கம் வந்தது.

ஆனா அந்த இரண்டாவது டிஸ்க் பிரதி இல்லை. அது பழுதானால் குரலும் போச்சு. இப்ப எஸ்எஸ்டியில் அசையும் முனையே கிடையாது. வேகப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அம்மம்மாவின் கதையைப் பதியப் போறீங்களோ? இரண்டாவது டிஸ்க் இப்பவும் வேணும், வேகத்துக்கு இல்லை, இன்னொரு பிரதிக்கு.