ஓர் எதுகையின் சரித்திரம்

பொத்தான் துளையில் ரோஜா என்றதும் நமக்கு நேரு ஞாபகம் வருகிறார். அவருடைய அச்கனில் இருந்த சிவப்பு ரோஜா 1936ல் இறந்துபோன கமலாவின் நினைவாக அணிந்தது என்று சொல்வார்கள். இது உண்மையோ, பின்னால் கட்டிய கதையோ, அப்படிச் சொல்லத் தோன்றியதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஓர் ஆணின் மார்பில் ஒற்றைப் பூவைக் கண்டால் அதன் இணை எங்கே என்று மனம் தேடுகிறது. உயிரோடிருக்கும் ஒருத்தியிடம் இல்லையென்றால் இறந்த ஒருத்தியிடமாவது அது இருந்தாக வேண்டும்.

இந்தத் தேடலுக்குப் பின்னால் ஓர் ஐரோப்பியத் திருமண வழக்கம் இருக்கிறது. மணமகள் கையில் ரோஜாச் செண்டு. மணமகன் கோட்டின் இடப்பக்க மடிப்பில் அதே ரோஜாவில் ஒன்று. இரண்டும் ஒரே நிறம், ஒரே ஜாதி. இன்று பூக்கடைக்காரர்கள் இதைப் 'பொருத்தம்' என்று சொல்லி விற்கிறார்கள். நாம் நம்முடைய பரிபாஷையில் எதுகை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு வேறு அடிகள், ஒன்றி வரும் ஓர் எழுத்து. ஒப்புமையை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. எதுகைக்கு இருக்கும் இலக்கணம் இந்தப் பூக்களின் சரித்திரத்தில் ஓர் இடத்தில் உதைக்கிறது. அந்த இடத்தைக் காட்டுவதுதான் என் உத்தேசம்.

முதலில் பெயர்கள். செண்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'பூக்கே'. காடு என்ற சொல்லிலிருந்து பிறந்து, சிறு மரக்கூட்டம் என்று பொருள்பட்டிருந்த சொல் அது. கோட்டில் செருகும் பூவின் பெயர் 'பூட்டோனியர்'. அதற்குப் பொத்தான் துளை என்பதற்கு மேல் அர்த்தமில்லை. ஆங்கிலேயர்களும் அந்தப் பூவைப் 'பட்டன்ஹோல்' என்றே சொல்கிறார்கள். இடத்தின் பெயர் இடத்திலிருக்கும் பொருளுக்கு ஆகிவந்திருக்கிறது. நன்னூல் படித்தவர்களுக்கு இடவாகுபெயர். துளையோ பயனிழந்த துளை. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டின் மேற்பகுதி திறந்து மடிந்து அழகுக்கான மடிப்பாக ஆனபோது, பொத்தானை இழந்து தங்கிவிட்டது. அவள் கையில் ஒரு காடு, அவன் மார்பில் ஒரு துளை. ஆரம்பத்திலேயே அளவு ஒக்கவில்லை.

இந்த வழக்கத்துக்குத் தையற்காரர்கள் ஒரு தலபுராணம் வைத்திருக்கிறார்கள். விக்டோரியா தன் செண்டிலிருந்து ஒரு பூவை எடுத்து ஆல்பர்ட்டிடம் கொடுத்தாளாம். வைத்துக்கொள்ள இடமில்லாத அவன் பேனாக்கத்தியால் கோட்டைக் கீறி, நெஞ்சின் மேல் அதைச் செருகிக்கொண்டானாம். 1840 பிப்ரவரி 10ந் தேதி செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைத் தேவாலயத்தில் நடந்த திருமணத்தில் ஆல்பர்ட் அணிந்திருந்தது பிரிட்டிஷ் பீல்டு மார்ஷலின் சீருடை. அதைக் கத்தியால் கீறிக்கொண்டு ஒருவன் ராணியின் பக்கத்தில் நின்றிருக்க முடியாது. இந்தச் சங்கடம் தெரிந்துதானோ என்னவோ, சிலர் சம்பவத்தைத் திருமணத்துக்கு முன்பு என்று நகர்த்திவிடுகிறார்கள். விக்டோரியாவின் தலையில் அன்று இருந்ததும் ரோஜா அல்ல, ஆரஞ்சுப் பூ வளையம்.

ஆனால் கதை ஏன் இந்தத் தம்பதியைப் பிடித்துக்கொண்டது என்று யோசிக்கலாம். ஆளும் ராணியிடம் யாரும் மணம் பேச முடியாது. ஆகவே 1839 அக்டோபர் 15ந் தேதி விக்டோரியாதான் ஆல்பர்ட்டைக் கேட்டாள். கொடுக்கும் இடத்தில் அவள், வாங்கிக்கொள்ளும் இடத்தில் அவன். வாங்கிக்கொள்ள அவன் தன் உடுப்பைக் கிழிக்க வேண்டியிருந்தது என்கிறது கதை. அந்தத் தேசத்தில் அன்று வேறு எந்தப் பெண்ணைப் பற்றியும் இப்படி ஒரு கதை கட்டியிருக்க முடியாது.

காரணம் சட்டம். 1765ல் வெளிவரத் தொடங்கிய பிளாக்ஸ்டனின் சட்ட விளக்கம் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே நபர் என்கிறது. அந்த ஒரே நபர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மனைவியின் சட்ட இருப்பு கணவனின் இருப்புக்குள் அடங்கிவிடும். அவள் பணம் அவன் பணம், அவள் சம்பாத்தியம் அவன் சம்பாத்தியம். 1870ல் வந்த சட்டம் அவளுடைய சம்பாத்தியத்தை அவளுக்குத் தந்தது. 1882ல் வந்தது சொத்தையும் தந்தது. செண்டுக்கும் கோட்டுப் பூவுக்கும் உள்ள உறவு ஒரு வழக்கமாகத் திரண்டது இதே பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில்தான். அதற்கு முன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அணிந்துகொண்டது பெரும்பாலும் வெள்ளை ரிப்பன் முடிச்சு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டத்தில் அவள் அவனுக்குள் அடங்கியவள். பூவில், அவன் அணிந்திருப்பது அவளுடைய செண்டிலிருந்து பிரிந்த ஒரு துண்டு. பூ சட்டத்தைத் தலைகீழாகச் சொல்கிறது. இதை எதிர்ப்புக் குரல் என்று சிலர் வாசிக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசார விதிப்படி செண்டுக்கும் கோட்டுப் பூவுக்கும் பணம் கொடுப்பவன் மணமகன். தான் வாங்கிக் கொடுத்ததிலிருந்து தனக்கே ஒன்று திரும்ப வருவதுபோல ஒரு பாவனை. சட்டம் எடுத்துக்கொண்டதைப் பூ ஒரு பகல்பொழுது கொடுத்ததுபோல் நடித்தது. சமூகங்கள் அலங்காரத்தை இப்படியும் பயன்படுத்துகின்றன. கவிதையிலும் இந்தக் காரியம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பூவுக்கு அர்த்தம் தேடிய காலமும் இதுவே. 1717-18ல் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகு, துருக்கிப் பெண்கள் பூவும் பண்டமுமாய்ப் பொட்டலம் கட்டி அனுப்பும் காதல் கடிதம் ஒன்றைப் பற்றி எழுதினார். அவர் இறந்த மறு வருஷம், 1763ல், கடிதங்கள் அச்சாயின. ஐரோப்பா அதைப் 'பூக்களின் பாஷை' என்று எடுத்துக்கொண்டது. 1819ல் பாரிஸில் சார்லட் டி லாத்தூர் என்ற புனைபெயரில் ஓர் அகராதி வந்தது. பின்னால் ஆங்கிலத்தில் எத்தனையோ வந்தன. கேட் கிரீன்அவே படம் போட்டு 1884ல் வெளியிட்டது அவற்றில் பிரசித்தம். இந்தப் பூவுக்கு இந்த அர்த்தம் என்று வாய்ப்பாடு. ஒரு புத்தகத்தின் அர்த்தம் இன்னொன்றில் இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், மூலத்தில் அர்த்தமே இப்படி வேலை செய்யவில்லை. ஆஸ்திரியக் கீழைத்தேய அறிஞர் ஹாமர் 1809ல் அதை விளக்கிவிட்டார். பொட்டலத்திலிருக்கும் ஒவ்வொரு பொருளும் எதையும் குறிப்பதில்லை. அதன் பெயரோடு ஓசை ஒத்துவரும் ஒரு வரியை ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான். மேரி மாண்டேகுவின் பட்டியலில் மிளகு, கரி, சோப்பு எல்லாம் உண்டு, ரோஜாவும் உண்டு. துருக்கியில் ரோஜாவுக்கும் 'சிரி' என்னும் ஏவலுக்கும் ஒரே சொல். ரோஜாவை அனுப்பினால் நீ சிரி என்று அர்த்தம். ரோஜா அழகாயிருப்பதால் அல்ல, சொல் அப்படி ஒலிப்பதால். எதுகைதான் அங்கே அர்த்தத்தைப் பெற்றது. ஐரோப்பியர்கள் எதுகையை விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் ஏற்றுமதி செய்துகொண்டார்கள். அப்புறம் அர்த்தம் வாய்ப்பாடாகச் செத்தது. மிஞ்சியது நிறப்பொருத்தம், அதாவது ஓசையில்லாத எதுகை.

பொருத்தம் எப்போதும் இவ்வளவு சாதுவாக இருந்ததில்லை. 1892 பிப்ரவரி 20ந் தேதி லண்டன் செயின்ட் ஜேம்ஸ் நாடக அரங்கில் ஆஸ்கார் ஒயில்டின் நாடகம் ஒன்று அரங்கேறிய இரவு, அவருடைய நண்பர்கள் சிலர் கோட்டில் பச்சைச் சாயமேற்றிய கார்னேஷன் பூவைச் செருகி வந்தார்கள். மேடையில் ஒரு நடிகரின் கோட்டிலும் அதுவே. இயற்கையில் இல்லாத பூ. அர்த்தம் ஒன்றுமில்லை, பார்ப்பவர்கள் குழம்பட்டும் என்பது ஒயில்டின் எண்ணம் என்று சொல்கிறார்கள். 1894ல் அந்தப் பூவின் பெயரையே தலைப்பாக்கி ஒயில்டைப் பரிகசிக்கும் ஒரு நாவல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது. 1895ல் ஒயில்டுக்கு இரண்டு வருஷக் கடுங்காவல். ஆணும் பெண்ணும் ஒரே பூ அணிந்தால் அது கல்யாணம். ஆண்கள் சிலர் ஒரே பூ அணிந்தால் அது சந்தேகம். பொருத்தத்துக்கு அர்த்தமே இல்லை என்பவர்கள் இந்த மூன்று வருஷங்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் இலக்கணம் உதைக்கிறது. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்து அளவொத்து வர வேண்டும். 'பட்டு'க்குக் 'கட்டு' எதுகை. 'பாட்டு'க்குக் 'கட்டு' எதுகையாகாது. குறிலுக்கு எதிரில் குறில்தான் நிற்க வேண்டும். செண்டுக்கும் கோட்டுப் பூவுக்கும் நிறம் ஒன்றுகிறது, ஜாதி ஒன்றுகிறது, அளவு ஒன்றுவதில்லை. அவளுடையது இருபது பூ, அவனுடையது ஒன்று. அவளுடையதைச் சுமக்க வேண்டும், அவனுடையது தானே நிற்கும். முக்கியமாக, அவளுடைய இரண்டு கைகளும் பிடிபட்டிருக்கின்றன, அவனுடைய கைகள் சும்மா இருக்கின்றன. 1981 ஜூலை 29ந் தேதி டயானா ஏந்திய செண்டு, அருவிபோல் வழிந்து ஒரு கஜ நீளத்தையும் தாண்டியது. 1979ல் கொல்லப்பட்ட மவுண்ட்பேட்டனின் பெயர் கொண்ட மஞ்சள் ரோஜாக்களும் அதில் இருந்தன. பார்க்க அழகுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தியால் வேறெதுவும் செய்ய முடியாது. முழுக்க அளவொத்த எதுகை நெதர்லாந்தில் 2001 ஏப்ரல் 1ந் தேதி சட்டபூர்வமானது என்று சொல்லலாம். அன்று ஆம்ஸ்டர்டாமில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொண்டார்கள். ஒயில்டின் தண்டனைக்கும் அதற்கும் இடையில் நூற்றாறு வருஷம்.

பொருத்தம் சாத்தியமாக ரோஜாவே மாறவேண்டியிருந்தது. பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரு முறைதான் பூத்தன. திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் சீன ரோஜாக்களிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அவை கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் சென்றன. சில கல்கத்தா வழியாகப் போனதால் ஐரோப்பாவில் அவற்றுக்கு 'வங்காள ரோஜா' என்ற பெயரும் உண்டு. கலப்பினத்தின் நீண்ட வேலைக்குப் பிறகு 1867ல் லியோன் நகரத்துக் கியோ என்பவரின் தோட்டத்தில் 'லா பிரான்ஸ்' கிடைத்தது. இன்று பூக்கடையில் நாம் ரோஜா என்று அறியும் வடிவம், நிமிர்ந்த காம்பில் கூர்ந்த மொட்டு, அந்த வம்சம். இவற்றை விதைபோட்டு வளர்ப்பதில்லை, ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள். ஆகவே ஒரு ஜாதியின் எல்லாச் செடிகளும் உண்மையில் ஒரே செடியின் துண்டுகள். அவள் கையிலும் அவன் மார்பிலும் இருப்பது ஒரே மாதிரியான பூக்கள் அல்ல, ஒரே உயிர். கணவனும் மனைவியும் ஒரே நபர் என்ற பிளாக்ஸ்டனின் வாக்கியம் தாவரத்தில் மட்டும் உண்மையாகியிருக்கிறது.

எதுகையை உடைத்த ஒரு மணப்பெண்ணைச் சொல்ல வேண்டும். 1923 ஏப்ரல் 26ந் தேதி, வெஸ்ட்மினிஸ்டர் அபேயில் எலிசபெத் போஸ்-லயான் யார்க் கோமகனை மணக்கப் போனாள். உள்ளே நுழைந்ததும், பெயர் தெரியாத போர்வீரனின் சமாதி மேல் செண்டை வைத்துவிட்டு நடந்தாள். அவளுடைய அண்ணன் பெர்கஸ் 1915ல் லூஸ் யுத்தத்தில் இறந்தவன். மணமகன் அன்று விமானப்படைச் சீருடையில் இருந்தான். பலிபீடத்தின் முன் அவர்கள் நின்றபோது அவள் கை வெறும் கை. இணைப்பூ இறந்த ஒருவனிடம் போய்விட்டது. நேருவைப் பற்றிச் சொல்கிற கதைக்கு நேர் எதிர்ப்பக்கம் இது. பிறகு வந்த அரச குடும்பத்து மணப்பெண்கள் கல்யாணம் முடிந்ததும் செண்டைச் சமாதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். முதல் முறை செய்கையாக இருந்தது மறுமுறையே சடங்காகிவிடுகிறது. நம் புதுக்கவிதையிலும் பார்த்திருக்கிறோம்.

இப்போது ஐரோப்பியக் கல்யாண ரோஜாக்களில் பெரும் பங்கு கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையிலிருந்தும் ஈக்வடார் மலைகளிலிருந்தும் விமானத்தில் வருகிறது. நம் ஓசூரிலிருந்தும் போகிறது. நாற்பது, ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் என்று காம்பின் நீளத்தை வைத்து ரோஜாவைத் தரம் பிரிக்கிறார்கள், நீளத்துக்குத்தான் விலை. நைவாஷாப் பண்ணைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விலை கொடுத்து வாங்கிய அந்தக் காம்பைப் பூக்கடைக்காரர் கோட்டுப் பூவுக்காக இரண்டு விரற்கடை விட்டு நறுக்கி எறிகிறார். பூவின் அடிப்புல்லியில் கம்பியைக் குத்திப் பச்சை நாடாவால் சுற்றுகிறார். இனி அது தண்ணீர் குடிக்காது. ஒரு நாள் நின்றால் போதும்.

சடங்கில் ஓரிடம் மட்டும் எனக்கு நிஜமாகப் படுகிறது. மோதிரம் மாற்றும் நேரத்தில் மணப்பெண் செண்டைத் தோழியிடம் கொடுத்துவிடுகிறாள். கையில் செண்டு இருந்தால் விரலை நீட்ட முடியாது என்பதுதான் காரணம். அவன் பூ கோட்டில் இருந்தபடியே இருக்கிறது. அந்தச் சில நிமிஷங்களுக்கு இரண்டு பேர் கைகளும் காலியாக இருக்கின்றன. மோதிரம் ஏறியதும் தோழி செண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.