ஊமை எழுத்துக்கு உயர்குலப் பட்டம்

ஆங்கிலக் கட்டுரை ஏடுகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம் நம் கையிலுள்ள சிவப்பு மை சற்றே தயங்குவதுண்டு. கடன் எனப் பொருள்படும் ‘டெட்’ என்ற சொல்லை ஒரு மாணவன் டி, இ, டி என மூன்றே எழுத்துக்களில் எழுதிவிடுகிறான். காதில் விழுந்ததைக் கையால் எழுதினான். காதிலும் குற்றமில்லை, கருத்திலும் குற்றமில்லை. ஆயினும், நடுவே ஒரு ‘பி’ இல்லையென்று கோடிழுத்து மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். “அந்தப் ‘பி’ ஒலிக்கவே இல்லையே, ஐயா! பின் எதற்கு?” என்று அவன் கேட்டால், “அது அப்படித்தான்” என்கிறோம். எதையும் ஏன், எதற்கு என்று கேள் எனக் கற்பிக்கும் நாமா இப்படிச் சொல்வது?

வரலாற்றிடம் விடை இருக்கிறது; வேடிக்கையான விடை!

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தன. அவ்வழி வந்ததே இந்தக் கடன். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் காலத்தில் அதை டி, இ, டி, டி, இ என்றே எழுதினர். ‘பி’ என்ற பேச்சே இல்லை. பிறகு வந்தது இலத்தீன் மோகம். இலத்தீன் கற்றவனே கற்றவன், இலத்தீன் வழிவந்த சொல்லே உயர்ந்த சொல் என்று 16ஆம் நூற்றாண்டுப் புலவர்கள் மயங்கினர். கடனுக்கு இலத்தீனில் ‘டெபிடும்’. அதிலே ‘பி’ உண்டு. பாட்டன் குலம் பாருக்குத் தெரிய வேண்டாமா? பேரன் நெற்றியில் ‘பி’யைப் பொறித்தனர்! ஐயத்தைக் குறிக்கும் ‘டவுட்’டுக்கும் அதே கதிதான். கடன் என்ற சொல்லே ஓர் எழுத்தைக் கடன் வாங்கிற்று; இன்றுவரை அதை அடைக்கவில்லை!

குலப் பெருமை தேடுவோர் பொய்க் குலமும் புனைவரன்றோ? தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். இலத்தீனின் ‘இன்சுலா’வுக்கும் அதற்கும் பிறப்புத் தொடர்பில்லை. ‘இன்சுலா’ வழிவந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லோடு அதை உறவாக்கி, ‘எஸ்’ ஒன்றை இடையிலே செருகினர். அப்பாவிச் சொல்லுக்கு அயலான் ஒருவனைத் தந்தையாக்கிய கதை இது!

பேயைக் கண்டவர் எவருமிலர். பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’டில் நிற்கும் ‘எச்’சின் ஒலியைக் கேட்டவரும் எவருமிலர். 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன், பிளாண்டர்ஸ் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அவ்வூர் பிளெமிஷ் மொழியின் எழுத்து வழக்கம் அவர் அச்சகத்தின் வழியே ஒட்டிக்கொண்டது என்பர். அச்சேறிய பிழை அரியணையேறிய பிழை!

இந்தப் பித்தை அன்றே எள்ளிய ஒருவர் உண்டு, ஷேக்ஸ்பியர். 1598இல் அச்சான அவருடைய நகைச்சுவை நாடகமொன்றில் ஹோலோபெர்னஸ் என்ற வாத்தியார் வருகிறார். கடனிலும் ஐயத்திலும் உள்ள ‘பி’யை வாயால் ஒலிக்காதவன் மொழியைக் கெடுப்பவன் என்று அவர் கொதிக்கிறார், அவையோர் சிரிக்கின்றனர். நாமும் வாத்தியார்தாம், எனினும் சிரிக்கிறோம்.

திருத்த முயன்றோரும் இல்லாமலில்லை. 1828இல் பேரகராதி வெளியிட்ட அமெரிக்கர் நோவா வெப்ஸ்டர், நிறத்தைக் குறிக்கும் ‘கலர்’ போன்ற சொற்களிலிருந்து ‘யு’வை விலக்கி வென்றார், நாக்கைக் குறிக்கும் ‘டங்’கை டி, யு, என், ஜி என எழுதச் சொல்லித் தோற்றார். 1950இல் மறைந்த பெர்னார்ட் ஷா, புதிய எழுத்து முறைக்காகத் தம் உயிலிலேயே பணம் ஒதுக்கினார். அம்முறையில் அவர் நாடகமொன்று 1962இல் அச்சாயிற்று; உலகம் அதைக் காட்சிப் பொருளாக்கிவிட்டு நகர்ந்தது. பழக்கத்தின் பிடி அத்தகையது! நம் நாட்டில் பெரியார் 1935இல் ‘குடி அரசு’ ஏட்டில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதிகூட, 1978இல்தானே தமிழ்நாட்டில் அரசாணையாயிற்று?

தேர்வுக்கு ‘பி’ வேண்டும். ஆகவே மதிப்பெண்ணைக் குறைத்தே கொடுத்தோம். ஆனால் ஏட்டின் ஓரத்தில், “சாசர் காலத்திலும் இதில் ‘பி’ இல்லை” என்று எழுதிக் கொடுத்தோம். மறுநாளே வந்து நின்றான் பையன்: “வீரனைக் குறிக்கும் ‘நைட்’டின் முன்னே நிற்கும் ‘கே’யும் இப்படிச் செருகியதுதானா, ஐயா?”

அன்று, அது ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்த எழுத்து. 17ஆம் நூற்றாண்டளவில்தான் ஆங்கிலேயர் நாவிலிருந்து அது நழுவிற்று. அதைச் சொன்னதும், கரும்பலகைக்குச் சென்று அச்சொல்லை ஓரெழுத்தும் விடாமல் எழுதிக் காட்டினான்.