பிணையக் கருவிகளில் எழுதும் உரிமை: இணையதள நிரல் வழி அமைப்பு மாற்றமும் அதன் காப்பும்

ரவுட்டர், சுவிட்ச் முதலிய பிணையக் கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கவும் அவற்றின் அமைப்பை மாற்றவும் எஸ்என்எம்பி நெறிமுறை 1988இல் வகுக்கப்பட்டது. கருவியிலுள்ள மதிப்பைப் படிப்பது ‘கெட்’. மாற்றி எழுதுவது ‘செட்’. பிஎச்பி போன்ற இணையதள நிரல்மொழியில் இரண்டுக்கும் ஒரு வரி போதும். ஆனால் படிப்பதில் பிழை நேர்ந்தால் திரையில் ஓர் எண் தவறும். எழுதுவதில் நேர்ந்தால் ஓர் அலுவலகமே தொடர்பிழக்கும். செட் கட்டளையின் காப்பு என்றதும் குறியாக்கமே நினைவுக்கு வருகிறது. அது தேவைதான்; ஆனால் எழுதும் உரிமை எந்த நிரலின் கையில் இருக்கிறது என்பது அதைவிட முதன்மையான கேள்வி.

பின்வரும் எடுத்துக்காட்டு அமையும் தென்காசி வட்டாரத்துக்குப் பிணைய மேலாண்மை புதிதன்று. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் பெயர் மாற்றிக்கொண்ட சோஹோ நிறுவனம் முதலில் பிணைய மேலாண்மை மென்பொருளைத்தான் விற்றது; எஸ்என்எம்பி நிரல் தொகுப்புகள் அதன் தொடக்ககால ஆக்கங்கள். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் அதன் அலுவலகம் இயங்குகிறது.

நெறிமுறையின் முதல் பதிப்பிலும் 2சி பதிப்பிலும் ‘கம்யூனிட்டி’ என்னும் கடவுச்சொல் ஒவ்வொரு பொதியிலும் மறைப்பின்றிச் செல்லும். வழியில் கேட்பவர் எவரும் அதைக் கொண்டு எழுதலாம். 2002இல் தரமாக்கப்பட்ட மூன்றாம் பதிப்பு இக்குறையைப் போக்கியது. அனுப்பியவர் யார் என்று சரிபார்த்தல், உள்ளடக்கத்தை மறைத்தல், 150 வினாடிக்கு மேல் பழைய செய்தியைப் புறக்கணித்தல் ஆகியவை அதில் உண்டு. கடவுச்சொல்லோடு கருவியின் அடையாள எண்ணைச் சேர்த்து, கருவிதோறும் தனித் திறவுகோல் உருவாக்கப்படுகிறது. ஒரு சுவிட்சிலிருந்து திறவுகோலைத் திருடியவர் அடுத்த சுவிட்சைத் திறக்க முடியாது.

இந்தக் காப்பு கருவியின் பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். பிஎச்பியின் செட் சார்புக்குத் தருவது திறவுகோல் அன்று, மூலக் கடவுச்சொல். இணைய சர்வருக்குள் ஒருவர் புகுந்து அதைப் படித்துவிட்டால், அச்சொல்லை ஏற்கும் எல்லாக் கருவிகளுக்கும் உரிய திறவுகோல்களை அவரே உருவாக்கிக்கொள்வார். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் இட்டு வெளிநிரலை இயக்குவது இன்னும் கேடானது. அதே சர்வரின் பிற பயனர்களுக்கும் அது பணிப்பட்டியலில் தெரியக்கூடும்.

ஆகவே இணையப் பக்கம் கோரிக்கையை ஒரு வரிசையில் பதிவு செய்வதோடு நிற்க வேண்டும். கடவுச்சொல்லை வைத்திருக்கும் வேறொரு பணிநிரல், வேறு பயனர் கணக்கில் இயங்கி, கோரிக்கை அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்த பின்னரே செட் அனுப்ப வேண்டும். கருவியிலும் அந்தப் பணிநிரல் பயன்படுத்தும் எஸ்என்எம்பி பயனருக்கு உரிய எழுதும் பரப்பைக் குறுக்கலாம். மூன்றாம் பதிப்பின் அணுகல் கட்டுப்பாடு எந்த மாறியில் எழுதலாம் என்பதை அட்டவணையின் ஒரு வரிசை அளவுக்கு நுணுக்கமாக வரையறுக்க இடம் தருகிறது. இவ்வளவு நல்ல வசதியைப் பயன்படுத்தாமல் மாறிகளின் முழு மரத்தையும் எழுதத் திறந்துவிடுவது வருந்தத்தக்கது.

திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் உள்ள புளியங்குடியில் ஒரு கிளை அலுவலகம் இருப்பதாகவும், அதன் சுவிட்சைத் தென்காசியிலிருந்து இயக்குவதாகவும் கொள்ளலாம். ஒரு போர்ட்டை மூட 1.3.6.1.2.1.2.2.1.7 என்ற முகவரியோடு போர்ட்டின் வரிசை எண்ணைச் சேர்த்து 2 என்று எழுத வேண்டும். அந்த வரிசை எண் நிலையானது என்று உறுதி கூற முடியாது. சில கருவிகளில் மறுதொடக்கத்துக்குப் பின் மாறும். நேற்றைய எண்ணை நம்பி எழுதினால், தென்காசியை நோக்கிய இணைப்பே மூடப்படலாம். திறக்கும் கட்டளையும் அதே வழியில்தான் வந்தாக வேண்டும் என்பதால் புளியங்குடிக்கு ஆள் போவதைத் தவிர வழியிராது. எழுதுமுன் போர்ட்டின் பெயரைப் படித்து ஒப்பிடுவது இதனால் கட்டாயமாகிறது.

விடை வராவிட்டால் மாற்றம் நடக்கவில்லை என்று முடிவு செய்வதும் பிழை. எஸ்என்எம்பி பெரும்பாலும், பொதி சென்றுசேர்வதை உறுதி செய்யாத யுடிபி மேல் செல்கிறது. மாற்றம் நிகழ்ந்து விடைமட்டும் தொலைந்திருக்கலாம். மீண்டும் படித்துப் பார்த்த பின்னரே கோரிக்கை வரிசையில் ‘முடிந்தது’ என்று குறிக்க வேண்டும்.

அமைப்பு மாற்றத்துக்கு இந்நெறிமுறை ஏற்றதா என்ற ஐயம் பழையது. 2002இல் நடந்த கலந்தாய்வொன்றில் பிணையம் நடத்துவோர் தாம் இதைக் கண்காணிப்புக்கே பயன்படுத்துவதாகக் கூறினர். 2003இல் வெளியான ஆர்எஃப்சி 3535 என்னும் ஆவணம் அதைப் பதிவு செய்கிறது. அதன் விளைவாக அமைப்பு மாற்றத்துக்கான நெட்கான்ஃப் நெறிமுறை 2006இலும், எச்டிடிபிஎஸ் வழி இயங்கும் ரெஸ்ட்கான்ஃப் 2017இலும் வந்தன. இவற்றிலும் இணைய சர்வரில் கடவுச்சொல்லை வைத்தால் அபாயம் அதேதான். புளியங்குடி போன்ற சிக்கலுக்கு மட்டும் நெட்கான்ஃபில் நேரான விடை உண்டு: உறுதிப்படுத்தலை எதிர்பார்க்கும் மாற்றம் என்னும் விருப்ப வசதி. மாற்றத்துக்குப் பின் 600 வினாடிக்குள் உறுதிச் செய்தி வராவிட்டால் கருவி தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பும்; அந்தக் கால அளவை மாற்றியும் அமைக்கலாம். எஸ்என்எம்பியின் செட் கட்டளைக்கு அத்தகைய பொது ஏற்பாடு கிடையாது. எஸ்என்எம்பியை மட்டுமே அறிந்த பழைய சுவிட்சுகளில், மேலிணைப்பு போர்ட்டை எழுதும் பரப்பிலிருந்து விலக்கி வைப்பதே நடைமுறையில் எட்டும் காப்பு.