தென்னையின் கருவும் படியெடுக்கும் நொதியமும்

மட்டக்களப்பின் வடபால் அமைந்த கதிரவெளியில் இளநீர் அருந்துவோர், தாம் அருந்துவது திரவநிலையிலுள்ள வித்தகவிழையம் என்பதை எண்ணுவதில்லை. இளங்காயில் கலச்சுவர்கள் தோன்றுமுன்னர், கருக்கள் பல அந்நீரில் தனித்து மிதக்கின்றன. இத்தகைய தென்னைக்கு உயிர் இரசாயன வரலாற்றில் ஓர் இடமுண்டு.

பரம்பரையலகின் செய்தியை டீ.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.யாகப் படியெடுப்பது ஆர்.என்.ஏ. பொலிமரேசு என்னும் நொதியமாகும். 1959ஆம் ஆண்டில் சாமுவேல் வைசும் கிளாட்சுரனும் எலியின் ஈரற் கருக்களில் இதன் தொழிற்பாட்டைக் கண்டனர். ஆயினும் அது குரோமற்றினோடு பிணைந்திருந்தமையால் பிரித்தெடுத்தல் அரிதாயிற்று. 1960ஆம் ஆண்டில் பற்றீரியாவிலும் அந்நொதியம் அறியப்படவே, ஆய்வாளர் கவனம் பெரிதும் அப்பாற் சென்றது. பின்னர் 1969ஆம் ஆண்டில் இரொபேட்டு இரோடரும் வில்லியம் இரட்டரும், மெய்க்கருவுடைய உயிர்களில் இந்நொதியம் ஒன்றன்று, பலவகைப்பட்டது என நிறுவினர். அவர்கள் கையாண்டவற்றுள் கடல் முள்ளெலியின் முளையமும் ஒன்றாகும்.

இக்காலத்திலேயே கல்கத்தாவில், சகதீச சந்திர போசு 1917ஆம் ஆண்டில் நிறுவிய போசு ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த பி. பி. பிசுவாசும் உடனாய்வாளரும் தென்னையை நாடினர். தென்னைக் கருக்களின் குரோமற்றினிலிருந்து நொதியத்தை மட்டுமன்றி, அதன் தொழிற்பாட்டைப் பாதிக்கும் காரணிகளையும் பிரித்தெடுத்து, 1972ஆம் ஆண்டில் ஐரோப்பிய உயிர் இரசாயன ஆய்விதழில் வெளியிட்டனர். நொதியம் தனித்து இயங்குவதா, துணை வேண்டுவதா என்பதே அன்றைய வினா.

அதற்குரிய விடை பின்னரே முழுமை பெற்றது. செய்திகாவும் ஆர்.என்.ஏ.யை ஆக்கும் இரண்டாம் பொலிமரேசு, படியெடுப்பைத் தொடங்கவேண்டிய இடத்தைத் தானே அறியாது. புரதக் காரணிகள் பல அதனோடு கூடவேண்டும். அப்பொலிமரேசின் அமைப்பை மதுவத்திலிருந்து 2001ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய உரோசர் கோண்பேக்கு, 2006ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். கல்கத்தா ஆய்வே இம்முடிபுக்கு வழிகோலியது என்பது மிகையாகும். எனினும் சரியான வினாவை உரிய காலத்தில் எழுப்பியோருள் அவ்வாய்வாளரும் இருந்தனர் என்பதை மறுத்தற்கியலாது.

எலியீரல், கடல் முள்ளெலி, தென்னை, மதுவம் என இவ்வரலாற்றிற் பயன்பட்ட பொருள்களுள் கிடைத்தற்கரியது எதுவுமில்லை. கதிரவெளியைத் தன்னகத்தே கொண்ட மாவட்டத்தில் 1981ஆம் ஆண்டில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986ஆம் ஆண்டில் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அங்குப் பயிலும் மாணவர், இந்நொதியத்தைப் பிறநாட்டார் கண்ட பொருளாக மட்டும் கற்கவேண்டியதில்லை. ஆய்வுக்குரிய தென்னை அவர்தம் முற்றத்திலேயே நிற்கின்றது. வினாவை எழுப்புவதே அவர்க்குரிய பணியாகும்.