அம்பரப்பர் மலையும் காஸ்மிக் கதிரும்

போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஒரு கி.மீ.க்கும் அதிகமான பாறைக்கு அடியில் 50,000 டன் இரும்பாலான கருவியை நிறுத்த 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். பெயர், நியூட்ரினோ ஆய்வகம்.

ஏன் மலைக்குள்? விண்வெளியிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது மியூவான், நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. மியூவான்களில் பெரும்பகுதியைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ எந்தப் பாறைக்கும் அடங்காது.

1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிக் கண்டறிந்த இந்தக் கதிர்களுக்கு வானில் வேறொரு வேலையும் உண்டு. விண்மீன்கள் பிறக்கும் மூலக்கூறு மேகங்களின் விளிம்பில் விண்மீன்களின் புற ஊதா ஒளி தூசியிலிருந்து எலக்ட்ரான்களைப் பெயர்த்தெறிகிறது. அவை வாயுவைச் சூடாக்குகின்றன. தூசியும் ஒளியை விழுங்கிச் சூடேறி, அகச்சிவப்புக் கதிராக உமிழ்கிறது. ஆனால் ஏலத்தோட்டத்து நிழல் மரங்கள் வெயிலை மறிப்பதுபோல் தூசி அந்த ஒளியை உள்ளே விடுவதில்லை. மேகத்தின் நடுவே வாயுவைச் சூடாக்குவது பெரும்பாலும் காஸ்மிக் கதிர்தான். அது ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க, அந்த எலக்ட்ரான் அக்கம்பக்கத்தில் மோதித் தன் ஆற்றலைப் பகிர்ந்துவிடுகிறது. வந்த வெப்பத்தைக் கார்பன் மோனாக்சைடு கதிராக வெளியேற்றிவிடுவதால் மிஞ்சுவது சுமார் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ்தான்.

மேகத்தைச் சூடாக்குபவை பெரும்பாலும் ஆற்றல் குறைந்த கதிர்கள். பூமியில் ஆராயப்பட்டவை அவற்றைவிட வலியவை.

அந்த ஆராய்ச்சியில் தென்னிந்தியாவின் பங்கு பழையது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில், சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில், டாடா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களும் 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அது தென்பட்டது.

பிற்பாடு கோலாரின் ஆழ்சுரங்கங்கள் மூடப்பட, புது மலை தேட வேண்டியதாயிற்று. முதலில் பார்த்த நீலகிரியின் சிங்காரா, முதுமலையை ஒட்டிய யானை வழித்தடம் என்பதால் 2009இல் கைவிடப்பட்டது. அடுத்து வந்தது பொட்டிபுரம்.

இங்கும் எதிர்ப்பு எழுந்தது. வெடி வைத்தால் நீரூற்று என்னாகும் என்று விவசாயிகள் கேட்டார்கள். மலைக்கு அப்பால் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருப்பதைச் சூழலியலாளர்கள் சுட்டினார்கள். 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் அனுமதி மறுபடி கிடைத்தாலும், திட்டத்தை ஏற்க முடியாது என்று 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

50,000 டன் கருவிக்கு முன்மாதிரியாக 85 டன்னில் ஒரு சிறிய கருவியை விஞ்ஞானிகள் மதுரையில் நிறுவினார்கள். அதற்குத் தலைக்கு மேல் மலை கிடையாது. அதனால் நியூட்ரினோவை விட்டு மியூவான்களையே அது பதிவு செய்கிறது.