ஊசியும் குலக்கல்வியும்: சிட்லிங் லம்பாடிப் பெண்களின் கதை

கைத்தொழிலையும் கல்வியையும் ஒருவர் சேர்த்துப் பேசினால் தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். படவும் வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பிள்ளைகளை அரை நேரம் பள்ளிக்கும் மீதி நேரம் அப்பன் தொழிலுக்கும் அனுப்பப் பார்த்தது. குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டத்தைக் காமராசர் ஆட்சி 1954இல் கைவிட்டது. 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம், பரம்பரைத் தொழில் செய்பவர்களுக்கு 18 வயதிலேயே கடன் நீட்டியபோதும் அதே வாடைதான் அடித்தது.

இந்தச் சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டே 'போர்கை' என்ற பெண்கள் அமைப்பைப் பார்க்கிறோம். எங்கள் மணலூர்பேட்டையிலிருந்து மேற்கே போய்க் கல்வராயன் மலையைத் தாண்டினால், அதற்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங் பள்ளத்தாக்கு. தருமபுரி மாவட்டம். அங்கே பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். லம்பாடிகளின் தாண்டாக்களும் உண்டு.

லம்பாடிகள், அதாவது பஞ்சாராக்கள், ஒரு காலத்தில் மாட்டுப் பொதியில் உப்பும் தானியமும் சுமந்து நாடெங்கும் போனவர்கள். படைகளுக்குச் சோறு போனதே அவர்கள் மாட்டு முதுகில்தான். வெள்ளையர் ஆட்சியில் உப்பு அரசின் பிடிக்குள் போனது, சரக்கு ரயிலுக்குப் போனது. பிழைப்பை இழந்து அலைந்தவர்களில் பல கூட்டத்தார் மீது 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. பிழைப்பைப் பிடுங்கிவிட்டுத் திருடர் என்று எழுதி வைப்பது ஆளுகிறவர்களுக்குப் பழகிய வேலை. 1952இல் சட்டம் போனது. ஊரார் பார்வை போகவில்லை. கண்ணாடியும் சோழியும் வைத்துத் தைத்த பாவாடை, பார்த்தவுடன் லம்பாடி என்று காட்டிக் கொடுத்தது. அதை உடுத்தப் பெண்கள் கூசினார்கள். உடை போனபோது தையலும் போனது.

1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் சிட்லிங்கில் பழங்குடி நலத்துக்காக மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். பின்னர் 2006 வாக்கில், தையலை மறக்காதிருந்த மூத்த பெண்களிடம் இளையவர்கள் உட்கார்ந்து கற்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் போர்கை. அவர்கள் பேச்சில் அதற்குப் பெருமை என்று பொருள். துணியும் பையும் உறையும் விற்கிறார்கள். கல்விப் பக்கத்தில், பள்ளியில் தேறாத, பாதியில் நின்ற பிள்ளைகளுக்கு 'துளிர்' என்ற கற்றல் மையம் 2004இலேயே அங்கே வந்துவிட்டது.

எங்கள் சந்தேகம் இங்கே ஓரளவு தணிகிறது. லம்பாடிப் பெண் தைத்தது தனக்கும் தன் மகளுக்கும். ஊர்க்காரனுக்கு ஊழியமாக அல்ல. பறையும் தோலும் அப்படி இல்லை. செருப்புத் தைத்த கையும் கலைஞன் கைதான், ஆனால் தோலுக்கு ஊர் கொடுத்த பெயர் தீட்டு. எந்தக் கைவேலை கடைக் கண்ணாடிக்குள் 'கலை' ஆகிறது, எது சேரியிலேயே 'தொழிலாக' நிற்கிறது என்பதையும் சாதிதான் தீர்மானிக்கிறது.

தணியாத இடம் வேறு. கர்நாடகத்தில் லம்பாடிகள் பட்டியல் சாதி. தெலங்கானாவில் பட்டியல் பழங்குடி. தமிழ்நாட்டில் இரண்டும் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலோடு சரி. தாண்டாவுக்குப் பக்கத்து ஊரின் மலையாளிப் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று உண்டு. அது அவர்கள் உரிமை, அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அதே பள்ளத்தாக்கில், அதே பேருந்துக்குக் காத்திருக்கும் லம்பாடிப் பெண் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது வேறு வரிசையில் நிற்கிறாள்.

தையலுக்கும் இதே கதைதான். கர்நாடகத்தின் சண்டூர் லம்பாணித் தையலுக்கு 2010இலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் கிடைத்தது. சண்டூர் என்ற பெயர் சண்டூருக்குத்தான். சிட்லிங் பெண்கள் அதைப் போட்டு விற்க முடியாது. தையலின் பெயரை விடுங்கள், சாதிச் சான்றிதழையாவது சென்னையிலும் டெல்லியிலும் பேச வேண்டியவர்கள் பேசலாம். லம்பாடிகளைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை நெடுநாளாய் நிற்கிறது. பட்டியலைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் கையில். பரிந்துரை மாநில அரசிடமிருந்துதான் போக வேண்டும்.