நிழற்குடை மேயருக்கு, பேருந்து கோட்டைக்கு: சென்னை மாநகராட்சியில் பொறுப்புக்கூறலின் வரலாறு

அரசியலமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளை வரிசைப்படுத்துகிறது. அதில் 17ஆவதாக வரும் இனத்தில் தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றுடன் பேருந்து நிறுத்தமும் இருக்கிறது. பேருந்து இல்லை. சாலையும் பாலமும் வேறோர் இனத்தில் உண்டு. அவற்றின்மேல் ஓடும் பொதுப் போக்குவரத்தைப் பற்றிப் பட்டியலில் பேச்சே இல்லை. சென்னை மேயரைப் போக்குவரத்துக்குப் பொறுப்பாக்க முனையும் எவரும் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இந்த நிலைமை 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தத்தால் திடீரென்று உண்டானதல்ல. மேயர் பதவியின் நீண்ட வரலாற்றிலேயே அதற்கு வேர் இருக்கிறது.

1687 டிசம்பர் 30 தேதியிட்ட அரச சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயரானார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோசயா சைல்டு போட்ட கணக்கு எளிமையானது: கம்பெனி நேராக வரி கேட்டால் மக்கள் முரண்டு பிடிப்பார்கள், தங்களில் சிலரும் உட்கார்ந்திருக்கும் சபை கேட்டால் கொடுப்பார்கள். அதனால்தான் ஆங்கிலேயரோடு போர்த்துகீசிய, யூத வணிகரும் இந்துக்களும் ஆல்டர்மேன்களாக அமர்த்தப்பட்டார்கள். மேயருக்கும் ஆல்டர்மேன்களுக்கும் நீதிமன்ற அதிகாரமும் தரப்பட்டது. விசாரிப்பவர் மேயர், கூண்டில் நிற்பவர் நகரவாசி என்பதே தொடக்க ஏற்பாடு. மேயரை யாராவது கேள்வி கேட்க முடியுமென்றால் அது புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த கம்பெனி ஆளுநர்தான்.

எதிர்த்திசையில் கேள்வி கேட்கும் அவை உருப்பெற இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தை ஒட்டிய காலத்தில் பிட்டி தியாகராயர் மாநகராட்சி அவையான மாமன்றத்தின் தலைவரானார். ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1920இல் மதிய உணவு கிடைத்தது மாமன்றத் தீர்மானத்தால். பள்ளி மாமன்றத்தின் கையில் இருந்ததால் தீர்மானம் சோறாக மாறியது. ஆனால் அதே சட்டம் நிர்வாக அதிகாரத்தை அரசு நியமிக்கும் ஆணையரிடம் வைத்தது. 1933இல் மேயர் என்ற பெயர் திரும்பி வந்து, முத்தையா செட்டியார் அப்பதவியில் அமர்ந்தபோதும் இந்தப் பிரிவினை மாறவில்லை. சிவப்பு அங்கி மேயருக்கு, கோப்பு ஆணையருக்கு. போதாக்குறைக்கு மேயரின் பதவிக்காலமோ ஓராண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் தயாராவதற்குள் ஆளே மாறியிருப்பார்.

போக்குவரத்து ஒருநாளும் மாமன்றத்தின் பிடிக்குள் வந்ததில்லை. 1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நின்றுபோன டிராம் தனியார் கம்பெனியுடையது. பேருந்துகளை 1947இல் கையிலெடுக்கத் தொடங்கியது மாகாண அரசு. 1972இல் பிறந்த பல்லவன் போக்குவரத்துக் கழகமும் மாநில அரசின் நிறுவனமே.

குடிநீரின் கதை வேறு. அது உண்மையிலேயே மாநகராட்சியின் வேலையாக இருந்து பறிபோனது, அதுவும் கேட்க நாதியில்லாத நேரத்தில். மஸ்டர் ரோல் ஊழல் என்று பெயர்பெற்ற விவகாரத்தை அடுத்து 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. இல்லாத ஆட்களைக் கூலிப்பட்டியலில் சேர்த்துச் சம்பளம் கொடுத்தது சிறிய குற்றமல்ல. ஆனால் தண்டனையாக வந்த தேர்தலில்லாக் காலம் 23 ஆண்டுகள் நீண்டது. அந்த இடைவெளியில்தான் நகரத் திட்டமிடல் 1974இல் சட்டபூர்வ அமைப்பான பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும், குடிநீரும் கழிவுநீரும் 1978இல் தனி வாரியத்துக்கும் போயின. எழுந்து நின்று ஆட்சேபிக்க மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இன்று வீட்டின் ஆண்டு மதிப்பைக் கணக்கிடுவது மாநகராட்சி. அதை வைத்துக் குடிநீர் வரி வாங்குவது வாரியம். முறைகேட்டுக்காக அவையைக் கலைத்தவர்கள் முறைகேட்டைக் கேட்கும் இடத்தையும் சேர்த்தே பூட்டிவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

1996இல் மு.க. ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயரானார். அவர் காலத்தில் மாநகராட்சியே மேம்பாலங்கள் கட்டியது. அதிகாரமும் வாக்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் மேயரைப் பாராட்டவும் முடியும், பழிக்கவும் முடியும் என்பதற்கு அந்தப் பாலங்கள் சாட்சி. அதன் பிறகு நடந்த வாதமெல்லாம் தேர்தல் முறையைச் சுற்றியே சுழன்றது: 2001இலும் 2011இலும் நேரடித் தேர்தல், 2006இலும் 2022இலும் உறுப்பினர்கள் வழியே. 2011இல் மாநகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகவும், வார்டுகள் 155இலிருந்து 200 ஆகவும் பெருகின. 2016 முதல் 2022 வரை மறுபடி சிறப்பு அதிகாரியின் ஆட்சி. விரிந்த நகரத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் மேயரும் இல்லை, மாமன்றமும் இல்லை.

2022 மார்ச்சில் ஆர். பிரியா மேயரானார். மாமன்றம் கூடுகிறது, உறுப்பினர்கள் குப்பை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு பற்றிக் கேட்கிறார்கள். புகார் சொல்ல 1913 என்ற எண் இருக்கிறது. பேருந்துத் தடச் சாலைகளுக்கென்றே மாநகராட்சியில் ஒரு துறை உண்டு. ஆனால் அத்தடத்தில் எத்தனை பேருந்து, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதை முடிவு செய்வது மாநில அரசின் மாநகரப் போக்குவரத்துக் கழகம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததும் கோட்டையில், அதாவது மாநிலத் தலைமைச் செயலகத்தில், போட்ட கையெழுத்தால்தான்.

எனவே மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, அவர் மேசைக்கு எந்தக் கோப்பு வருகிறது என்பதே முதன்மையான கேள்வி. போக்குவரத்துக் கழகமும் குடிநீர் வாரியமும் மாமன்றத்துக்கு வந்து வார்டு வாரியாகப் பதில் சொல்லவேண்டும் என்பதைச் சட்டக் கடமையாக்கலாம். அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, மாநிலச் சட்டமே போதும். அதுவரை, வராத பேருந்தைப் பற்றி வார்டு உறுப்பினரிடம் கேட்பவர்கள் அதே கேள்வியைத் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்டு வையுங்கள்.